கடன் வரலாறு இல்லாத எனக்கு வாடகை வீடு கிடைத்த விதம்

வேலை நிமித்தம் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டு உரிமையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக என் விண்ணப்பத்தை மறுத்ததற்குக் காரணம் வருமானக் குறைவு அன்று; அந்நாட்டில் எனக்குக் கடன் வரலாறும் (கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியதற்கான பதிவு), எனக்காகப் பரிந்து பேசக்கூடிய முந்தைய உரிமையாளரும் இல்லாததே என்பது 3 வாரங்கள் கழிந்த பிறகுதான் புரிந்தது. உடனே தற்காலிக அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பணி நியமனக் கடிதம், சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, விசா நகல், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுதித் தந்த நற்சான்று, அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாகத் தொகுத்தேன். வீட்டைப் பார்த்த அன்றே அக்கோப்பை அளிக்கத் தொடங்கியதுதான் நிலைமையை மாற்றியது. நல்ல வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது, ஆவணங்கள் முழுமையாக உள்ளவரையே உரிமையாளர் முதலில் பரிசீலிக்கிறார்.

இடையில் வீட்டு உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், தாம் வெளியூரில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதினார். அவர் அனுப்பிய படங்களைக் கூகுள் படத் தேடலில் இட்டுப் பார்த்தேன். அவை வேறொரு நகரத்து விளம்பரத்தில் இருந்தவை. நெஞ்சு பதறிய நாள் அது. அதன்பின், நேரில் உள்ளே சென்று பார்க்காத எந்த வீட்டுக்கும் பணம் தர நான் சம்மதிக்கவில்லை.

குடிபுகுந்த அன்றே சுவர்க் கீறல்கள், குழாய்க் கசிவு, மின் மீட்டர் அளவு அனைத்தையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். காலி செய்தபோது வைப்புத்தொகை முழுவதும் திரும்பக் கிடைத்தது அந்த மின்னஞ்சலால்தான்.