நாட்டுத் துப்பாக்கியில மருந்து கெட்டிக்கிறப்ப கவனிக்க வேண்டியது

பேர்ணாம்பட்டு தாண்டி ஆந்திரா பார்டர் ஓரம் நம்ம நிலம், நிலக்கடலை போட்டா பன்னி தொல்லை, அதனால அப்பா காலத்துலயே லைசென்ஸ் எடுத்த, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி வீட்டுல இருக்கு. ஆயுதச் சட்டம் 1959படி லைசென்ஸ் இல்லாம கையில வச்சிருந்தாலே கேஸுங்க, லைசென்ஸ் இருந்தாலும் அது பன்னிய சுடுறதுக்கு பர்மிஷன் ஆகாது, வனத்துறை தனி.

மொதல்ல குழல் காலியான்னு பாருங்க, இத மட்டும் விடவே விடாதீங்க. குத்துற கம்பிய உள்ள அடி வரைக்கும் விட்டு வாய்கிட்ட நகத்தால பிடிச்சு, வெளிய எடுத்து குழல் மேலயே வச்சுப் பாத்தா ஏற்கனவே மருந்து கெடக்குதான்னு தெரிஞ்சிடும், எங்கப்பா காலி குழலுக்கு ஒரு கோடு, மருந்து கெட்டிச்ச குழலுக்கு ஒரு கோடுன்னு கம்பியிலயே கீறி வச்சிருந்தாரு.

கரிமருந்து, அதாவது கருப்பு வெடிமருந்து மட்டும்தான் போடணும், தோட்டாவ பிரிச்சு எடுத்த மருந்த போட்டா குழலே வெடிச்சிடும். டப்பாவுல இருந்து நேரா கொட்டாதீங்க, குழலுக்குள்ள கங்கு இருந்தா டப்பாவே கையில வெடிக்கும், அளவு குப்பில ஊத்தி போடுங்க. குண்டு மருந்து மேல ஒட்டி உக்காரணும், நடுவுல இடைவெளி கூடாது. மூஞ்சி எப்பவும் குழல் வாய்க்கு மேல வரக்கூடாதுங்க.

கேப், அதான் அடி பட்டதும் பொறி விட்டு மருந்த பத்த வைக்கிற சின்ன மூடி, அத மாட்டுறது கடைசியில, சுடற எடத்துல நின்னப்புறம்தான். வெடிக்கலன்னா ஒரு நிமிஷமாச்சும் குழல ஆளில்லாத பக்கமே திருப்பி வச்சு நில்லுங்க, சில நேரம் லேட்டா வெடிக்கும். அடுத்த தடவைக்கு முன்ன ஈரத்துணி விட்டு குழல தொடைங்க.