வேன் வருவதற்கு முன்: வீட்டு வேலைகளைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடும் முறை

கோலாலம்பூரில் தொடக்கப்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் நாள் இருட்டிலேயே தொடங்குகிறது. பள்ளி ஏழரை மணியளவில் தொடங்கும்; செந்தூல், கெப்போங், பூச்சோங் போன்ற இடங்களில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஆறரைக்கெல்லாம் கீழே வந்து நின்றுவிடும். அதற்குள் "எழுந்திரு", "பல் விளக்கு", "காலுறை எங்கே", "போத்தலை எடுத்தாயா" என்று பெற்றோர் சொல்வதையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தால், அந்த வீட்டின் காலைப் பொழுது முழுவதும் ஒருவருடைய நினைவில்தான் ஓடுகிறது என்பது விளங்கும். பிள்ளை சொன்னதைச் செய்கிறது; சொல்லாமல் செய்ய அதற்கு இடமே கிடைப்பதில்லை. அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுக்கும் வழியைக் கீழே படிப்படியாக விளக்கியுள்ளேன். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

படி 1: ஒரே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வாரத்துக்கு எதையும் திருத்தாமல், வீட்டில் எந்த நேரத்தில் குரல் உயர்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். புறப்படும் நேரம், வீட்டுப்பாட நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்ற முயன்றால் மூன்றும் பழைய நிலைக்கே திரும்பும். இங்கே புறப்படும் நேரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

படி 2: வேன் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஆறரைக்கு வேன் என்றால் ஐந்தே முக்காலுக்காவது பிள்ளை எழ வேண்டும். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. குறைந்த அளவான ஒன்பது மணி நேரத்தை வைத்துக்கொண்டாலும், இரவு எட்டே முக்காலுக்குப் பிள்ளை தூங்கியிருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உதிக்க ஏழு மணி முதல் ஏழரை மணி வரை ஆகிவிடுகிறது. உடலை விழிக்கச் சொல்லும் வெளிச்சம் வருவதற்கு முன்பே நாம் பிள்ளையை எழுப்புகிறோம். ஆகவே எழும் நேரத்தில் அறை விளக்கை முழுமையாகப் போடுவதும், இரவு எட்டு மணிக்குமேல் கூடத்து விளக்குகளைக் குறைத்துக் கைத்தொலைபேசியை அகற்றி வைப்பதும் மிகவும் உதவும்.

இரவு எட்டே முக்கால் என்றதும் பல பெற்றோருக்குச் சிரிப்பு வரலாம். ஷா ஆலாமில் வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வீடு சேரவே ஏழரை ஆகிவிடும்போது, குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் எங்கே நுழைப்பது? நுழைக்க முடியாது என்பதே உண்மை. எதையாவது எடுத்தாக வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது வார நாள் இரவு டியூஷன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகத் தொடங்கிய மாலை வகுப்புகள் மட்டும் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

படி 3: காலை வேலையை இரவுக்கு நகர்த்துங்கள்

விடியலில் பிள்ளைக்குக் குளியல், சீருடை, பசியாறல் ஆகிய மூன்று மட்டும் மிஞ்சட்டும். மற்றவை அனைத்தும் முந்திய இரவே முடிந்துவிட வேண்டும். பாட அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்குதல், மறுநாள் சீருடையையும் காலுறையையும் எடுத்து வைத்தல், தண்ணீர்ப் போத்தலைக் கழுவி நிரப்புதல், காலணியைக் கதவருகே வைத்தல் என்று வரிசை மாறாமல் செய்யப் பழக்குங்கள்.

இந்த வரிசையை ஒரு அட்டையில் பிள்ளையையே படமாக வரையச் சொல்லி, அதன் கண்மட்டத்துக்கு ஒட்டுங்கள். நம் கண்மட்டத்துக்கு ஒட்டினால் அது நமக்கான அறிவிப்பாகிவிடும். பையை மாட்டும் கொக்கியும் அதன் கைக்கு எட்ட வேண்டும். பாட அட்டவணையின் நகல் ஒன்றைப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினால், கதவைத் திறந்ததும் நாளை என்ன பாடம் என்பது கண்ணில் படும். செலவில்லாத இந்தச் சிறு ஏற்பாடுகள் பல அறிவுரைகளை மிச்சப்படுத்தும்.

சிறு பிள்ளைகளுக்குப் படுக்கும் நேர வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. மலேசியா உள்ளிட்ட 14 நாடுகளில், ஐந்து வயது வரையிலான 10,085 பிள்ளைகளின் தாய்மாரிடம் தகவல் திரட்டி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் எத்தனை இரவுகள் ஒரே வரிசை கடைப்பிடிக்கப்பட்டதோ அந்த அளவுக்குப் பிள்ளைகள் சீக்கிரம் உறங்கியதையும் நடுவே விழிப்பது குறைந்ததையும் காட்டியது. எல்லா இரவும் இயலாவிட்டாலும் நான்கு இரவுகள் இரண்டைவிட மேல்.

படி 4: வேலையின் ஒரு துண்டைத் தராமல், முழு வேலையையும் தாருங்கள்

இந்த முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. "இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடு" என்று ஏவும்போது பிள்ளை நமக்கு ஒரு கையாக மட்டுமே இருக்கிறது. யோசிப்பது நாமாகவே இருக்கிறோம். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்படைத்தால்தான் யோசிக்கும் பகுதியும் அதனிடம் போகும்.

எடுத்துக்காட்டாக, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு இரவுச் சோற்றை ஒப்படைக்கலாம். ரைஸ் குக்கரோடு வரும் குவளை பெரும்பாலும் 180 மில்லிலிட்டர் பிடிக்கும். எத்தனை குவளை அரிசி போடுகிறோமோ, பாத்திரத்தின் உட்புறத்தில் அந்த எண்ணுள்ள கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அரிசியை இரண்டு மூன்று முறை களைவது, பாத்திரத்தின் வெளிப்புற ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வைப்பது, பொத்தானை அழுத்துவது, வெந்த பிறகு மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து அகப்பையால் கிளறிவிடுவது ஆகியவை அந்த வேலையின் பகுதிகள். இன்று எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டறிவதும், அரிசி தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதும் அதே வேலையில் அடங்கும். பிள்ளை பொறுப்பைக் கற்பது இந்தக் கடைசி இரண்டில்தான்.

கற்றுக்கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், அடுத்துச் சேர்ந்து செய்யுங்கள், பிறகு பிள்ளை செய்ய நீங்கள் அருகில் நின்று பாருங்கள், இறுதியில் அடுக்களையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சோறு குழைந்துவிட்டால் குழைந்த சோற்றையே எல்லாரும் சாப்பிடுங்கள். "நாளைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைப்போமா?" என்ற ஒரு கேள்வி போதும்.

ஏழு வயதுக்குத் தண்ணீர்ப் போத்தல்களும் செடிகளும், பதினொரு வயதுக்குத் துணி துவைக்கும் இயந்திரமும் பொருத்தமானவை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். அண்ணன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கத் தங்கை மட்டும் தட்டு கழுவும் வீட்டில் எந்த ஒழுங்கும் நிலைக்காது.

படி 5: குரலைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள்

"இன்னும் பை அடுக்கவில்லையா?" என்பதற்குப் பதிலாக, "ஐயா, அட்டையில் அடுத்து என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். முடிவு செய்ய இடமுள்ள விஷயத்தில் மட்டும் தெரிவு கொடுங்கள்: "குளித்துவிட்டு வீட்டுப்பாடமா, முடித்துவிட்டுக் குளியலா?" என்று கேட்கலாம், "வீட்டுப்பாடம் செய்கிறாயா?" என்று கேட்டால், வேண்டாம் என்ற பதிலையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

படி 6: விளைவைத் தடுக்காதீர்கள்

வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரின் வழிவந்த உளநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ் (1897–1972), தண்டனைக்குப் பதிலாகச் செயலின் விளைவே பிள்ளைக்குப் பாடமாக வேண்டும் என்று வலியுறுத்தினார். பயிற்சிப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனால், அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக் காவலரிடம் கொடுக்காதீர்கள். ஆசிரியருக்குப் பதில் சொல்வது பிள்ளையின் வேலை. அதே நேரத்தில், மாலையில் "நான் அப்போதே சொன்னேன்" என்று குத்திக்காட்டவும் வேண்டாம். உடல்நலத்தையும் பாதுகாப்பையும் தொடும் எதற்கும் இந்த விதி பொருந்தாது. பிள்ளை மறந்துவிட்டது என்பதற்காக மூச்சிழுப்பு மருந்தை வீட்டிலேயே விட்டுவிட முடியாது.

மளிகைக்கடையில் கொத்தாகத் தொங்கும் பிரம்பைப் பற்றியும் ஒரு சொல்: அடிக்குப் பயந்து செய்யும் வேலை, பிரம்பு வைத்திருப்பவர் வீட்டில் இருக்கும்வரைதான் நடக்கும். காசும் ஏறக்குறைய அப்படித்தான். தட்டு கழுவ ஒரு ரிங்கிட் கொடுத்துப் பழக்கினால், காசு தேவைப்படாத நாளில் தட்டு அப்படியே கிடக்கும்.

படி 7: பாட்டியிடம் முன்கூட்டியே பேசுங்கள்

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பாட்டிதான். பேரன் காலுறை போடத் திணறுவதைக் கண்டால் அவர் குனிந்து மாட்டிவிடுவார். அது அன்பு, அதைக் குற்றமாகப் பேசினால் வீட்டில் மனக்கசப்பே மிஞ்சும். "அம்மா, நீங்கள் என்னைப் பத்து வயதில் என்னென்ன செய்ய வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் பிடித்தது, தம்பியைப் பார்த்துக்கொண்டது, கடைக்குப் போய் வந்தது என்று அவரே பட்டியலிடுவார். அதன்பிறகு, செய்துகொடுக்கும் பணியிலிருந்து சரிபார்க்கும் பணிக்கு அவரை உயர்த்துங்கள். இரவு எட்டு மணிக்குப் பையைக் கொண்டுவந்து பாட்டியிடம் காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டால், அவருடைய மதிப்பும் குறையாது; பிள்ளையின் வேலையும் பிள்ளையிடமே இருக்கும்.

படி 8: வாரம் ஒருமுறை கூடி உட்காருங்கள்

குடும்பக் கூட்டம் என்பதும் டிரைக்கர்ஸ் வலியுறுத்திய வழக்கமே. ஞாயிறு மாலை இருபது நிமிடம் போதும். முதலில் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் இன்னொருவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லட்டும். பிறகு எந்த வேலை சரியாக நடக்கவில்லை, அதை எப்படி மாற்றலாம் என்று பேசுங்கள். தலைமை தாங்குவதைப் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுங்கள். "அப்பா மட்டும் சாப்பிடும்போது போன் பார்க்கிறார்" என்ற புகார் வந்தால் அதையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்குப் போய்வரும் வழக்கம் இருந்தால் யாரும் வராமலிருக்க மாட்டார்கள்.

படி 9: இடையில் விடுபடும் நாட்கள்

தீபாவளி, பள்ளி விடுமுறை, காய்ச்சல் என்று ஒழுங்கு குலையும் நாட்கள் வரவே செய்யும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடும் என்று அவர்கள் கணித்தனர். ஒரு நாள் விடுபடுவது பெரிய இழப்பாகாது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று கைவிடுவது மிக அவசரம். பள்ளி திறப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் பழையபடி கொண்டுவந்துவிடுங்கள்.

முதல் வேலை கேட்காமலே நடக்கத் தொடங்கியதும் அடுத்த வேலையைச் சேர்க்கலாம். இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றுக்குப் போகும்போது பள்ளி நேரமும் பயண வழியும் மாறிவிடும். அப்போது புதிய அட்டையை நீங்கள் எழுத வேண்டாம். புதிய வேன் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு, பின்னோக்கிக் கணக்கிடுவதைப் பிள்ளையிடமே விடுங்கள்.