பற்றவைத்த முனை: பழைய ரைஃபிள் வாங்குவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பழைய ஏஆர்-15 வகை ரைஃபிள் தேடுகிறவர்கள், "14.5 அங்குலக் குழல், முனை நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது" என்ற வரியை அடிக்கடி பார்ப்பார்கள். ராணுவத்தின் எம்4 கார்பைனுக்கும் அதே 14.5 அங்குலம்தான். கையில் எடுத்தால் கச்சிதமாக இருக்கும். கீழே வைக்க மனம் வராது. அந்த மயக்கத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை மறந்துவிடுகிறார்கள்: குழல் முனையில் இருக்கும் உலோகத் துண்டை எதற்காக வெல்டிங்கால் பற்றவைத்தார்கள்?

1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அதைத் தனி வகையாக வைக்கிறது. பதிவு செய்யாமல் அதை வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. திருகிக் கழற்றக்கூடிய முனைத் துண்டு குழலின் நீளத்தில் சேராது. நிரந்தரமாகப் பற்றவைத்தது சேரும். ஆகவே குட்டைக் குழலில் நீளமான துண்டைப் பொருத்தி 16-ஐ எட்ட வைப்பது ஒரு வகை.

இன்னொரு வகைக்குக் கதையே வேறு. 1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை நடப்பிலிருந்த தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம், தீப்பிழம்பை மறைக்கும் ஃபிளாஷ் ஹைடரையும் அதைத் திருகுவதற்கான மரையையும் குறிவைத்தது. அதனால் நிறுவனங்கள் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கைப் பற்றவைத்து விற்றன. நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் இன்றும் இதே காரணத்துக்காகப் பற்றவைக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்குக் குழலே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் துண்டைக் கழற்றினால் இரண்டாவதில் மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். முதலாவதில் கையில் இருப்பது பதிவில்லாத குட்டைக் குழல் ரைஃபிள்.

2026 ஜனவரி 1 முதல் அந்தப் பதிவுக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. வரி போனதும் சட்டமே போய்விட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். போகவில்லை. விண்ணப்பித்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் குழலைக் குட்டையாக்கலாம். சில மாநிலங்கள் அதற்கும் இடம் கொடுப்பதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. பச்சை அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை.

அடுத்த தவறு, விற்பவர் சொல்லும் "நிரந்தரம்" என்ற சொல்லை அப்படியே நம்புவது. கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப் ஏற்கும் முறைகள் மூன்று: சுற்றிலும் வெல்டிங் செய்வது, 1,100 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும் வெள்ளிப் பற்றாசு வைப்பது, ஆணி இறக்கி அதன் தலையை வெல்டிங்கால் மூடுவது. எவ்வளவு உறுதியான பசையானாலும் இதில் சேராது. நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு ரைஃபிளைப் பார்க்கப் போயிருந்தேன். துண்டின் அடிப்பக்கத்தில் கறுப்புப் பெயின்டுக்குக் கீழே பொட்டுப்போல ஒரு மேடு. வெல்டிங் என்றார் விற்பவர். நண்பர் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பெயின்ட் உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் எபாக்சிப் பசை தெரிந்தது. ஆணி எதுவும் இல்லை. அந்தத் துண்டு கணக்கில் சேராது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அது வெறும் 14.5 அங்குலம். இருவரும் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அளவையும் நீங்களே எடுங்கள். மேகசினைக் கழற்றி, குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, அந்த அறையை அடைக்கும் போல்டை மூடுங்கள். மெல்லிய மரக்குச்சியை முனை வழியாக உள்ளே விட்டு, போல்டின் முகத்தில் முட்டியதும் முனை விளிம்பில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். வெறும் கூட்டல் இங்கே கைவிட்டுவிடும். வழக்கமான ஏ2 ஃபிளாஷ் ஹைடரின் நீளம் சுமார் 1.75 அங்குலம். 14.5-உடன் கூட்டினால் 16-ஐத் தாண்டுவதுபோல் தோன்றும். ஆனால் அரை அங்குலத்துக்கும் சற்று அதிகமான பகுதி மரையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவதால், கூடுவது 1.1 அங்குலம் அளவுதான். மொத்தம் 15.6.

வாங்கிய பிறகு விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். வாயுவைத் திருப்பிவிடும் கேஸ் பிளாக் குழலின் முன்பக்கமாகத்தான் கழன்று வரும். பற்றவைத்த துண்டு கேஸ் பிளாக்கின் துளையைவிடப் பருமனாக இருப்பதால் வழியை அடைத்துவிடும். கைக்காப்பு உறையைக் குழலோடு பிணைக்கும் நட்டும் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். புதிய உறையை அந்த நட்டோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும் என்றால், முனையை அறுத்தாக வேண்டும். அந்த வேலையில் மரை சேதமாகலாம். மறுபடி பற்றவைக்கும் கூலி தனி.

சைலன்சர் பொருத்தும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முனைத் துண்டு ஒரு நிறுவனத்தின் இணைப்பு முறையைச் சேர்ந்தது என்றால், பெரும்பாலும் அந்த முறைக்கு ஏற்ற சைலன்சர்தான் அதில் ஏறும். துண்டு இம்மியளவு சாய்ந்து உட்கார்ந்திருந்தால் குண்டு சைலன்சரின் உள்தடுப்பில் மோதக்கூடும். சாதாரண முனையென்றால் கழற்றிச் சரிசெய்யலாம். இதில் அந்தச் சாய்வு அப்படியே நிலைத்துவிட்டது. நேர்கோட்டைச் சோதிக்கும் கம்பியை விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குழலின் வாய் விளிம்பு துண்டுக்குள் மறைந்திருப்பதால் அங்கே கரி படிந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. சிறு கேமரா உள்ளவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் சுட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

நண்பர் கடைசியில் சாதாரண 16 அங்குலக் குழல் ஒன்றை வாங்கினார். ஒன்றரை அங்குலம் நீளம் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார். இப்போது முனைத் துண்டை மாற்ற வேண்டுமென்றால் குழலைப் பிடிப்பானில் இறுக்கி, ஸ்பானரை எடுத்து, காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்.