பைப்பின் புகைவழியை அகலப்படுத்தலாமா?

புகையிலை பைப்பைக் கன்னம் குழிய இழுத்தாலும் புகை வரவில்லை, பாதியில் அணைந்துவிடுகிறது, அடியில் கொடகொடவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. இப்படி ஆனதும் புகை வரும் துளை சின்னது என்று முடிவுகட்டி டிரில்லைத் தேடுவது அவசரம். அழுக்கு, ஈரப் புகையிலை, இறுக்கி அடைத்தது, வாயில் வைக்கும் நுனியின் குறுகல் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் துளையைச் சந்தேகிக்க வேண்டும். மரத்தில் துளைத்ததைத் திரும்ப அடைக்க முடியாது.

பைப் நன்றாக ஆறிய பிறகு ஸ்டெம்மை, அதாவது வாயில் வைக்கும் குழலை, முறுக்கிக் கழற்றுங்கள். சூட்டோடு கழற்றினால் மரத்துக்குள் நுழையும் அதன் மெல்லிய முனையான டெனான் முறியக்கூடும். ஸ்டெம்மைத் தனியாகவும், புகையிலைக் கிண்ணத்தோடு சேர்ந்த மரத்தண்டைத் தனியாகவும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தால் எது இறுக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய பைப்பில் தார் படிந்து துளையின் விட்டமே சுருங்கியிருக்கும். பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, வெளுப்பாக வரும்வரை மரத்தண்டுக்குள் விட்டு எடுங்கள். வல்கனைட் (கெட்டி ரப்பர்) ஸ்டெம்முக்கும் இதே முறைதான். அக்ரிலிக் ஸ்டெம்மில் மட்டும் ஆல்கஹால் வேண்டாம், மயிரிழை விரிசல் விழும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொடகொடச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் மழைக்கால ஈரம். டப்பாவைத் திறந்து வைத்தாலே புகையிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்துங்கள். விட்டதும் கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், மெல்லப் பிரிந்தால் சரி. ஃபேன் காற்று அந்த ஈரத்தில் பயன்படாது. ஏசி ஓடும் அறையில் காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால் அளந்து பாருங்கள். டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கமே நல்ல அளவுகோல். 3.5 மி.மீ. பிட்டின் பின்பக்கம் தடையில்லாமல் நுழைந்தால் துளை போதுமானது. அதற்கும் குறைவு என்றால்தான் அகலப்படுத்துவதில் பொருள் உண்டு. 4 மி.மீ.க்கு மேல் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 3.5-லிருந்து 4-க்குப் போனாலே துளையின் பரப்பு 9.6 சதுர மி.மீ.-லிருந்து 12.6-க்கு, அதாவது முப்பது சதவீதம் கூடிவிடுகிறது. அதற்கு மேல் இழுவை தளர்ந்து, தன்னையறியாமல் வேகமாக இழுத்து, புகை சூடாகி நாக்கு எரியும்.

ஆனால் துளைக்கு முன்னால் பார்க்க வேண்டியது நுனிப் பிளவு, அதாவது ஸ்டெம்மின் வாய்முனையில் புகை வெளிவரும் தட்டையான திறப்பு. பலர் கவனிக்காத இடம் இதுதான். பிளவு 1 மி.மீ. உயரம், 7 மி.மீ. அகலம் என்றால் பரப்பு 7 சதுர மி.மீ.தான், 3.5 மி.மீ. துளையைவிடக் குறைவு. மரத்தை எவ்வளவு குடைந்தாலும் புகை இங்கேதான் நெரிபடும். மெல்லிய ஊசி அரத்தை உள்ளே விட்டு, பக்கவாட்டில் விசிறி போல விரியும்படி அராவுங்கள். 1.2 மி.மீ. உயரம், 8.5 மி.மீ. அகலம் வந்தால் பரப்பு 10-ஐத் தாண்டிவிடும். பிறகு 400, 600 எண் உப்புத்தாளை மடித்து உள்ளே தேய்த்து வழவழப்பாக்குங்கள். மேலும் கீழும் சுவர் சம தடிமனாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், இல்லையென்றால் பல் படும் இடத்தில் ஓட்டை விழும். பெரும்பாலான பைப்புகளுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஸ்டெம்மைத் துளையுங்கள். கெட்டால் வேறு ஸ்டெம் செய்துகொள்ளலாம். சாதாரண 4 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 75 மி.மீ., வெட்டும் பகுதி 43 மி.மீ., பல பைப்புகளுக்கு இது எட்டாது. 'லாங் சீரிஸ்' என்று கேட்டால் 119 மி.மீ. நீளத்தில் கிடைக்கும். மும்பையில் மாட்டுங்கா, சயான் பக்கம் இருப்பவர்கள் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கினால் நாக்தேவி தெருக் கருவிக் கடைகள் நடக்கிற தூரம்.

மின் டிரில் கூடாது. பிட்டைக் கைப்பிடிச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கைக்கருவி) மாட்டி, டெனான் பக்கத்திலிருந்து கையால் திருகுங்கள். 3.6, 3.8, 4.0 என்று படிப்படியாகப் போங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள். வல்கனைட் சூடானால் இளகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீர் அதைத் தடுக்கும். கடிக்கும் முனையில் ஸ்டெம்மின் தடிமனே சுமார் 4 மி.மீ.தான். ஆகவே நுனிக்கு 30 மி.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டெனானில் சுவர் 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். அதாவது வெளிவிட்டம் 7 மி.மீ.க்குக் குறைவான டெனானில் 4 மி.மீ. துளை போடாதீர்கள். வளைந்த ஸ்டெம்மையும் அப்படியே துளைக்கக் கூடாது, பிட் சுவரைக் கிழித்துவிடும்.

மரத்தண்டு கடைசி. நேரான பிரையர் (பைப் செய்யும் ஒரு கெட்டி மரம்) பைப்பில் மட்டும் கை வையுங்கள். வளைந்த பைப், மீர்ஷாம் (மென்மையான வெள்ளைக் கனிமம்) பைப், ஃபில்டர் பைப் எதுவும் வேண்டாம். பிட் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்க்கும் நேரம்தான் ஆபத்து. அந்தக் கடைசிச் சில மி.மீ.யில் அழுத்தினால் விளிம்பு சிதறும், எதிர்ச்சுவரிலும் வடு விழும். அழுத்தாமல் பிட்டின் சொந்த எடையிலேயே திருகுங்கள்.

தூளை ஊதி, உலர்ந்த பைப் கிளீனர் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று முறை கிண்ணத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும், புதிதாக வெட்டுப்பட்ட மரம் எளிதில் கருகும். இழுவை மிகவும் தளர்ந்துவிட்டதாகத் தோன்றினால் புகையிலையைச் சற்று அழுத்தி அடையுங்கள். அப்போதும் தளர்வாக இருந்தால், பைப் கிளீனர் ஒன்றை வெட்டி, துளைத்த பகுதிக்குள் மட்டும் நிற்கும்படி டெனான் வழியாகச் செருகி வைத்துப் புகைக்கலாம். ஈரத்தையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுங்கள்.