உப்புக்காற்று வீட்டில் ஓதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை பெயிண்ட் கடைகளில் ஒரே கேள்விதான்: "சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கு, என்ன அடிக்கலாம்?" கடைக்காரரும் ஒரு டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று வாங்குபவரும் சொல்வதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. பாதிப் பணம் அங்கேயே வீண்.

மாடித் தளத்திலிருந்து ஒழுகும், தரையிலிருந்து ஏறும், வீட்டுக்குள் உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்த இடத்தில் படியும். இந்த மூன்றும் எல்லா ஊரிலும் உண்டு. நம் கரையில் நாலாவது ஒன்று இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்நீரில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். கார்த்திகை, மார்கழியில் பாம்பனிலோ மண்டபத்திலோ ஈரப்பதம் இந்த 33-க்குக் கீழே இறங்குவது அரிது. மழையே பெய்யாத நாளிலும் சுவர் நசநசவென்று இருப்பதற்கு, வேறு காரணம் தேடுமுன் இதைச் சந்தேகப்படலாம்.

எது உப்பு, எது பூஞ்சை என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் அடுத்த தவறு. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் விரலில் இழுபட்டால் பூஞ்சை. உப்பு என்று தெரிந்தபின் பலரும் செய்வது, வாளித் தண்ணீரும் துணியுமாகச் சுவரைத் தேய்த்துக் கழுவுவது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கரைந்த உப்பு பூச்சுக்குள் திரும்பப் போய், சுவர் காயும்போது மறுபடி வெளியே வந்து பூக்கும். ஒவ்வொரு முறையும் பூச்சிலிருந்து கொஞ்சத்தைப் பொருக்காக உதிர்த்துவிட்டே வரும். வெயிலடிக்கும் நாளில், சுவர் காய்ந்திருக்கும்போது, ஈரமில்லாத பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி, கீழே செய்தித்தாள் விரித்துப் பொடியைப் பிடித்து வெளியே கொட்டுங்கள். சுவரடியில் கொட்டினால் அடுத்த மழையில் அது வந்த வழியே ஏறும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா காற்றிலிருந்து வருகிறதா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. ஒரு முழம் கெட்டி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் முத்து கட்டினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் ஈரமென்றால் காற்றுதான் காரணம். பெயிண்டர் இதைச் செய்து பார்க்கச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு அன்றைய கூலி முக்கியம்.

ஓதம் ஏறிய சுவருக்குப் பட்டி பார்த்து, பளபளக்கும் எமல்ஷன் அடிப்பது இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் தேங்கும். ஆறு மாதத்தில் கொப்புளம் கட்டும், விரலால் அழுத்தினால் உமி மாதிரி உதிரும். இன்னும் சிலர், "பெயிண்ட்தானே உரிகிறது" என்று இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். முன்பு முழங்கால் வரை ஏறிய ஓதம், கீழே காய முடியாததால் டைல்ஸைத் தாண்டித் தோள் உயரத்தில் தலைகாட்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு இது இன்னும் கேடு. இராமேசுவரம், கீழக்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல்லும் சுட்ட சுண்ணாம்பும் சேர்ந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். (இப்போது கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள்.) சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வாங்கியதை விட முடியாது. அப்படிப்பட்ட வீடு உங்களிடம் இருந்தால் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். ஆள் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் காத்திருக்கலாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் உப்பைக் காசு கொடுத்தே சுவருக்குள் வைக்கிறார்கள். கடற்கரை மணலைப் பூச்சில் கலப்பது, உவர்க் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டுக் கான்கிரீட்டுக்கு ஊற்றுவது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சவரம்பு என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 19,000. கலவைக்கு நல்ல தண்ணீர் லாரி வாங்கிவிட்டு, தளத்தில் பாத்தி கட்டித் தேக்குவதற்கு மட்டும் உவர்நீர் விடுகிறார்கள். அதுவும் உள்ளே இறங்கத்தான் செய்யும். பிறகு கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழும். அந்த நிலையில் வாட்டர்ப்ரூஃப் டப்பா எதுவும் உதவாது.

சரி, சுவரை விட்டுக் காற்றுக்கு வருவோம். மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடுகிறோம். துணியிலிருந்து போகும் நீரெல்லாம் அறைக்குள்தான் சுற்றும். கேஸ் அடுப்பு எரிவதாலும் நீராவி உண்டாகிறது. ஒரு 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீரும்போது ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சோறு, குழம்பு கொதிக்கிற ஆவி தனி. இத்தனையும் இருக்க, "வாடைக்காற்று அடிக்குது" என்று ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து வைப்பது தவறு. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடையும் கொண்டலும் மழையை வடக்கு, கிழக்குச் சுவரில் அறையும். அந்தப் பக்கத்தை அடைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலும் மேற்கிலும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். உச்சிவெயில் தெரிகிற நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சமையல் முடிந்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் சிறிது நேரம் ஓடட்டும்.

ஏசி போட்ட அறையில் கணக்கு வேறு. 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகப் படிந்துவிடும். இரவெல்லாம் 18-இல் ஓட்டிவிட்டு, காலையில் அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால் கண்ணாடியும் சுவரும் பீரோவும் ஒன்றாக வியர்க்கும். 26-இல் வையுங்கள். அணைத்த பிறகு அறை சூடேறும் வரை ஜன்னலைத் தொடாதீர்கள்.

தகரக் கொட்டகைக்காரர்கள் ஏமாறுவது மார்கழியில். மழை கிடையாது, மேகமும் கிடையாது. விடியற்காலையில் மட்டும் தகரத்தின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாயில் விழும். ஓட்டை என்று நினைத்து ஆணித் துளைகளையெல்லாம் எம்-சீல் வைத்து அடைப்பார்கள். மறுநாளும் சொட்டும். தெளிந்த வானத்துக்குக் கீழே தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அதன் அடியில் நம் மூச்சுக்காற்றின் ஈரம் படியும், அவ்வளவுதான். மேலே தென்னங்கீற்றோ பனை ஓலையோ பரப்பிக் கட்டினால் குளிர்வது குறையும். முகட்டுக்கருகில் காற்றுப் போக வழியும் விடுங்கள்.

பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். முண்டு மிளகாய் வற்றலையும் கருப்பட்டியையும் தரையில் சாக்கோடு வைத்தால் ஒன்று பூசணம் பிடிக்கும், மற்றது இளகும்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் என்பது பரவலான பழக்கம். காரைச் சுவரில் அது மேல்நிறத்தை வெளுக்கும், வேர் உள்ளே இருக்கும். அப்புறம் அது விட்டுப்போகும் கால்சியம் குளோரைடு நீரை இழுக்கும். ஏற்கெனவே உப்பால் அவதிப்படும் சுவருக்கு இன்னொரு உப்பு. சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிடுவது போதும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஈர வாடைக்குச் சாம்பிராணி போடுவது வாடையை மறைக்கும், ஈரத்தைத் தொடாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துச் சுவர் காயவைப்பது உயிருக்கே ஆபத்து.

ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்து, தொட்டால் லேசாகச் சுண்டுகிறது என்றால், "மழைக்காலம்னா அப்படித்தான்" என்று விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் அதை முதலில் போடுங்கள், பெயிண்ட் அப்புறம்.

பெயிண்ட் வேலையைப் பொங்கலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். மழை நின்றதும் சுவரின் மேல்தோல்தான் காய்ந்திருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை காயப் பல மாதமாகும். ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ அங்கே இப்போதே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தை, மாசி, பங்குனியில் ஒவ்வொரு கோடு. கோடு இறங்கிக்கொண்டே வந்தால் சித்திரையில் வேலையைத் தொடங்கலாம். வெயிலிலும் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் தரையிலிருந்தோ குழாய்க் கசிவிலிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. பெயிண்டரை விட்டுவிட்டுப் பிளம்பரையும் கொத்தனாரையும் அழைத்து அந்தக் கோடுகளைக் காட்டுங்கள்.