கெட்டிமேளத்துக்கு முன்பா, பின்பா? சிறிய கலியாணத்தில் வீட்டு நாயைச் சேர்த்துக்கொள்ளும் முறை

முப்பது நாற்பது பேரோடு வீட்டு வாசலிலேயோ ஒரு பழைய பங்களாவிலேயோ கலியாணத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் நம் இலங்கை மலையகத்தில் இருக்கிறார்கள். பதிவாளர் முன் எழுத்தை, அதாவது சட்டப்படியான கலியாணப் பதிவை, மட்டும் வைத்துவிட்டு, இரண்டு சாட்சிகளோடு தேநீர் குடித்துப் பிரிகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சின்னக் கலியாணத்தில் நம் நாயும் உடன் நிற்கட்டும் என்று நினைப்பதில் வேடிக்கை எதுவும் இல்லை. மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுகிற வீட்டில், பத்து வருடம் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) படுத்துக் காவல் காத்த நாய்க்கு ஒரு முழம் பூ மிகையாகாது. அந்தப் பூவை எந்த நேரத்தில் சூட்டுவது, யார் கையில் நாயைக் கொடுப்பது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யாதவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள்.

நாங்களும் அவதிப்பட்டவர்கள்தாம். தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் என் தங்கையின் கலியாணம் நடந்தபோது, அவள் வளர்த்த மணி தாலி கட்டும் நேரத்தில் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மணியும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஐயர் கையை உயர்த்தியதும் கெட்டிமேளம் முழங்கியது. வாசலில் நின்ற தப்புக்காரர்களும் உற்சாகத்தில் சேர்ந்துகொண்டார்கள். கீழ் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். மணி கழுத்துப் பட்டியை உருவிக்கொண்டு பாய்ந்த வேகத்தில் குத்துவிளக்கு சரிந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத்தான், தேயிலைச் செடிகளுக்கு அடியில் ஒரு வடிகானுக்குள் ஒடுங்கிக் கிடந்த அதைக் கண்டுபிடித்தோம். கழுத்தில் மாலையின் நூல் மட்டும் இருந்தது. மூக்குத் துவாரத்தில் ஓர் அட்டை.

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கேட்கும். நாயின் காது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நாம் எந்த நொடியில் நாய் அருகில் இருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறோமோ, அதே நொடிதான் கலியாணத்திலேயே அதிகச் சத்தம் எழும் நொடி. ஆகவே தாலி கட்டும் வேளையில் நாயை மேடையருகில் வைக்காதீர்கள் என்பதே நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, மணப்பெண் உடுத்தி முடித்து வெளியே வரும்போது அவளோடு நாலடி நடந்து வருவது நாய்க்குப் பொருத்தமான பங்கு. அல்லது மேளகாரர்கள் பந்தியில் உட்கார்ந்த பிறகு, மணமக்கள் முற்றத்துக்கு வந்து அதற்குப் பூச்சூட்டலாம். எந்தப் பங்கானாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்க வேண்டியதில்லை. எழுத்து மட்டும் வைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால், நாயோடு கலியாணம் செய்ய மிகவும் ஏற்றது அதுவே என்பது என் எண்ணம்.

அடுத்தது ஆள். நாயைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் வேண்டும். அவருக்குக் கலியாணத்தில் வேறு எந்தப் பொறுப்பும் இருக்கக் கூடாது. தாய்மாமனிடம் கொடுத்தால் சடங்குக்கு அழைக்கும்போது சங்கிலியை யார் கையிலாவது திணித்துவிட்டுப் போவார். தோழனிடம் கொடுத்தாலும் அதே கதைதான். நாய்க்கு நன்கு பழக்கமான, பக்கத்து வீட்டில் இருக்கும் பதினாறு பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ போதும். அவரை முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் வாரை வாங்கிக்கொள்ளுங்கள். மிரண்டு பின்வாங்கும் நாய் கழுத்துப் பட்டியிலிருந்து எளிதில் தலையை உருவிவிடும்.

உங்கள் நாய் இதற்கெல்லாம் ஏற்றதுதானா என்பதையும் மனச்சாட்சியோடு பார்க்க வேண்டும். தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிற நாயையும், புதியவர்களைக் கண்டால் பல்லைக் காட்டுகிற நாயையும் கூட்டத்துக்குள் கொண்டுவருவது அன்பாகாது. அவற்றோடு முதல் நாள் மாலையில் அமைதியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். தாங்கக்கூடிய நாயாக இருந்தால், மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே கைத்தொலைபேசியில் நாதஸ்வரமும் தப்பும் மெல்லிய சத்தத்தில் ஒலிக்கவிட்டு, அது ஒலிக்கும்போது மட்டும் ஒரு துண்டு கோழி இறைச்சி கொடுங்கள். நாள் செல்லச் செல்லச் சத்தத்தைக் கூட்டலாம். காதைப் பின்னால் மடித்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

நீர்வெறுப்பு நோய் (ரேபிஸ்) தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு வருகிறீர்களா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். முதல் தடவை போடுவதானால் கலியாணத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாகப் போட வேண்டும். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. எவரையாவது கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, கோயிலில் தாலி கட்டுவதானால் நாய் வெளியேதான். வைரவருக்கு நாய்தான் வாகனம். ஆனாலும் உள்ளே சிலையாக இருக்கும் நாய்க்குக் கிடைக்கும் மரியாதை வாசலில் வாலாட்டும் நாய்க்குக் கிடைப்பதில்லை. இதற்காக ஐயரோடு வாதாடி நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுக்க ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம் என்று திட்டமிட்டால் நாயை வீட்டில் விட்டுவிட வேண்டும்; அது தேசியப் பூங்கா, வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பங்களா எடுப்பவர்கள் இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நாயை உள்ளே விடுவார்களா, அங்கே ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வியைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பதிவாளர் அலுவலகத்துக்கும் இப்படியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. வேறு நாடுகளில் சிலர் பதிவுப் பத்திரத்தில் நாயின் கால் தடத்தைப் பதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கேயும் முயல வேண்டாம். நம் சட்டத்துக்கு வேண்டியவர்கள் இரண்டு மனிதச் சாட்சிகள். ஆசையாக இருந்தால் பீட்ரூட் சாற்றில் பாதத்தைத் தோய்த்துத் தனித் தாளில் பதித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

தை மாத முகூர்த்தங்கள் விடியற்காலையிலும் வருவதுண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. ஆகவே கலியாணத்தன்று காலையில் நாயைக் குளிப்பாட்டாதீர்கள். இரண்டு நாட்களுக்கு முன் நண்பகலில் குளிப்பாட்டி, ஈரம் போகத் துடைத்து, உண்ணிகளையும் அப்போதே பார்த்து எடுத்துவிடுங்கள்.

அலங்காரத்தில் எளிமைதான் அழகு. மணப்பெண்ணின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டைக் கழுத்தில் தளர்வாகக் கட்டலாம். சரிகை ஓரம் தோலில் உராயாதபடி உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், ஊக்கு குத்தக் கூடாது. மாலையை, இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய பருத்தி நூலில் தொடுக்கச் சொல்லுங்கள். நைலோன் நூல் எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கும். மல்லிகையும் முள் எடுத்த ரோஜாவும் நல்லவை. அரளி மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். அதன் பூ, இலை, தண்டு யாவும் நஞ்சு. மென்றால் இதயத்தைத் தாக்கும். நம் கோயில் மாலைகளில் அரளி சாதாரணமாகக் கலந்து வரும் என்பதால், மணமக்களின் மாலைகளையும் கழற்றிய பிறகு நாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். மலைநாட்டு வீடுகளில் பூத்துக் குலுங்கும் ஹைட்ரேஞ்சியாவையும் ஓடையோரத்துக் காலா லில்லியையும் மேசைக்கு வைப்பவர்கள், அவற்றையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் ஈஸ்டர் லில்லி, டைகர் லில்லி போன்றவற்றை வீட்டுக்குள்ளேயே எடுக்கக் கூடாது. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும்.

தாலியை நாயின் கழுத்தில் கட்டி அனுப்பலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தாலி தட்டில் வைக்கப்பட்டுப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து வர வேண்டியது. அதை நாயிடம் கொடுத்தால் உங்கள் பாட்டி அன்று சாப்பிடமாட்டார். மோதிரம் மாற்றுகிறவர்கள் ஒரு சிறு பையைக் கட்டி அனுப்பலாம், பையில் கவரிங் மோதிரத்தை வைத்துக்கொண்டு.

நான் மிகவும் அஞ்சுவது சாப்பாட்டைத்தான். வண்ணத் தாளில் சுற்றி எல்லோர் கையிலும் கொடுக்கும் கலியாணக் கேக்கில் உலர்ந்த திராட்சை நிறைய இருக்கும். கேசரியிலும் பாயசத்திலும் அதுவே. சிறிதளவு திராட்சைகூடச் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எந்த நாய் எவ்வளவைத் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொக்லேட், வெங்காயம், சமைத்த கோழி எலும்பு ஆகியவையும் ஆகாதவை. குழந்தைகள் பாசத்தோடு கேக்கை ஊட்டிவிடுவார்கள் என்பதால், "தயவுசெய்து எனக்குச் சாப்பாடு தர வேண்டாம்" என்று எழுதிய துணியை எங்கள் உறவினர் ஒருவர் தம் நாயின் முதுகில் கட்டிவிட்டார். அது படங்களிலும் அழகாக இருந்தது. நாய்க்கென்று உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த சோறும் எலும்பில்லாத கோழியும் தனியாக வையுங்கள். எச்சில் இலைகளை மூடியுள்ள பீப்பாயில் போடாவிட்டால், மேல் லயத்து நாய்கள் எல்லாம் வந்து சேர்ந்து சண்டை மூளும். தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக போதனா வைத்தியசாலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ஆகவே கலியாண நாளில் வரக்கூடிய, அருகிலுள்ள வைத்தியரின் இலக்கத்தை நாய்க்குப் பொறுப்பானவரிடம் முன்பே கொடுத்து வையுங்கள்.

தேயிலை மலையில் படம் எடுக்க இறங்குமுன் அங்கே கொழுந்து பறிப்பவர்களிடம் கேளுங்கள். எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறார்கள், எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாயை அவிழ்த்துவிட்டால் அது முதலில் நுழைவது பற்றைக்குள்தான். மழைக்குப் பிறகு என்றால் திரும்பியதும் விரலிடுக்கு, காது, மூக்கு எல்லாவற்றிலும் அட்டை பாருங்கள். மணியின் மூக்கிலிருந்த அட்டை, ஒரு கிண்ணம் தண்ணீரை முகத்தருகே வெகுநேரம் பிடித்திருந்த பிறகுதான் நீரை நாடித் தலைநீட்டியது. இரவில் விருந்து நீண்டாலும் நாயை வெளியே கட்டி வைக்காதீர்கள். சிறுத்தைகள் லயங்களுக்கு அருகில் வந்து நாய்களைத் தூக்கிச் செல்வது மலைநாட்டில் புதிய செய்தி அல்ல.

வளைவுகள் நிறைந்த பாதையில் போவதானால் புறப்படுமுன் சில மணி நேரம் உணவு கொடுக்காமல் இருங்கள், தண்ணீர் கொடுக்கலாம். எழுத்து முடியும்வரை வேனுக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போகக் கூடாது. வெளியே 21 பாகைக் குளிர்மை இருந்தாலும், வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்துக்குள் அரை மணி நேரத்தில் 40 பாகையை எட்டிவிடும்.

கடைசியாக, கலியாணம் முடிந்த இரவில் நாய் எங்கே படுக்கப் போகிறது என்பதைப் பேசி வையுங்கள். வளர்த்தவள் புகுந்த வீட்டுக்குப் போய்விட, அது பழைய இஸ்தோப்பிலேயே அவளுக்காகக் காத்துக் கிடக்கும். மணியையும் உடன் அனுப்புவது என்று முடிவானதும், கலியாணத்துக்கு முன் இரண்டு தடவை அதை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போய் வந்தோம்; அது படுக்கும் சாக்கைத் துவைக்காமல் முதல் நாளே அங்கே கொண்டுபோய் அடுப்படி வாசலில் விரித்து வைத்தோம். தங்கை வலது காலை எடுத்து வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, மணி பின்வாசல் வழியாகப் போய் அந்தச் சாக்கை மோந்து பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.