காட்டுக் கலை பழகுகிறவர் வீட்டாரைச் சமாளிப்பது எப்படி

காட்டுக் கலை என்றால் சில எளிய கருவிகளையும் காட்டில் கிடைப்பதையும் வைத்துக் காட்டில் பிழைக்கும் திறமை. "காட்டில் தீ மூட்டப் பழகுகிறேன்" என்றதும் வரும் முதல் கேள்வி, "ஏன், லைட்டர் இல்லையா?" கோபப்படாதீர்கள். பெர்ரோ கம்பியை (உரசினால் தீப்பொறி தரும் உலோகக் குச்சி) கையில் கொடுத்துவிடுங்கள். கத்தியின் முதுகால் அழுத்தி உரசினால் சுமார் 3000 டிகிரி செல்சியஸில் பொறி தெறிக்கும். நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். கேலி செய்த என் மைத்துனர் அன்று அரை மணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லை. பஞ்சு பற்றியதும் சின்னப் பையன் மாதிரி கத்தினார்.

கத்தியைக் கண்டு பயப்படுபவர்கள் வேறு ரகம். அவர்களிடம் செதுக்கிய மரக்கரண்டியைக் காட்டுங்கள். கத்தி பைக்குள் இருக்கட்டும். இடுப்பில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள் (நான் போயிருக்கிறேன்).

"உலகம் அழியப் போகிறதா?" என்பவர்களுக்குச் சிரிப்பே போதும். அப்புறம், அம்மாவிடம் மட்டும் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.